பெட்டிப் பாட்டின் எட்டாவது சரணம்

நம் ஸ்டூடியோவின் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 'பெட்டிப் பாட்டு – முதல் பதிவு' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஏழாவது சரணத்துக்கும் எட்டாவது சரணத்துக்கும் நடுவே பதினொரு விநாடி யாரும் பாடவில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று எதையாவது அழிக்கும்போது, அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது, உங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். மைக்கை எங்கே வைப்பது, சத்தத்தை எப்படிச் சமன் செய்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது அந்தப் பதினொரு விநாடியைப் பற்றித்தான். அந்த நேரத்தில் நான் பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடியவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

என் நோட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கேலியும் செய்திருக்கிறீர்கள். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எத்தனை முறை பாடினார், எப்போது டீ வந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். ஊர் வரலாறு, கல்வெட்டு, பழைய பயணக் குறிப்புகள் என்று படித்துப் படித்து வந்த வியாதி அது. சிதைந்த கல்வெட்டில் ஒரு வரி காணாமல் போயிருந்தால் ஆய்வாளர் அந்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு மேலே போவார். என்னால் அப்படிப் போக முடியாது. காணாமல் போனதைத் தேடி எடுத்து வைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இதை ஒரு நல்ல குணம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

முனியசாமியைக் கண்டுபிடித்தவர் நிஜாம். துபாய் மீனா பஜாரில் நம் ஸ்டூடியோவுக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கும் அதே நிஜாம்தான். என் ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் என்னைக் காக்கா என்பார். இணையத்தில் தமிழ்ப் பாட்டுகளுக்கென்று சின்னதாக ஒரு சேனல் நடத்திவந்தார். ராஸ் அல் கைமாவில் ஒரு பொங்கல் விழாவுக்குப் போய்விட்டு வந்தவர், மறுநாள் கடையைத் திறக்கும் முன்பே மாடியேறி வந்தார்.

"காக்கா, ஒரு ஆளு பாடுறான். தண்ணி கேனைத் தட்டிக்கிட்டுப் பாடுறான். வேற வாத்தியமே இல்ல. நீங்க நேர்ல கேக்கணும்."

"விழாவுல எல்லாரும்தான் பாடுவாங்க."

"இவன் பாடும்போது பிரியாணி வரிசை நின்னு போச்சு காக்கா. அதுக்கு மேல என்ன சொல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் போனோம். நோட்டில் இருக்கிறது: காலை 10.40, தொழிலாளர் கேம்ப் வந்து சேர்ந்தோம். முனியசாமி கல் குவாரியில் கிரஷர் ஆபரேட்டர். ராமநாதபுரம் பக்கம் மானம் பார்த்த பூமிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். நாள் முழுக்கக் கல்லரைக்கும் சத்தத்தில் நின்று காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. அதனால் சாதாரணப் பேச்சையே இரண்டு மடங்கு குரலில்தான் பேசுவார். பாடும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். ஏன் என்று கேட்டேன். "பாட்டு வெளியிருந்து கேக்குறது இல்லையே பாய், உள்ளேயிருந்துல்ல கேக்குது" என்றார்.

அந்த அறையில் எட்டுப் பேர். ஒருவர் லீவில் ஊருக்குப் போகிற நாள் அது. கேம்ப்களில் பெட்டி கட்டுவது எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். போகிறவரின் அட்டைப்பெட்டியில் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கென்று ஒரு பொருள் வைப்பார்கள். பால்பவுடர், தைலம், டார்ச் லைட், சேலை, பொம்மை என்று ஏதாவது ஒன்று. அந்த அறையில் இதற்கு ஒரு பாட்டு இருந்தது. ஒவ்வொருவரும் பொருளை வைக்கும்போது அவர் பேர், ஊர், வேலை, யாருக்கு அனுப்புகிறார் என்று ஒரு சரணம் கட்டி முனியசாமி பாடுவார். எட்டுப் பேருக்கு எட்டுச் சரணம். கடைசியில் கயிறு கட்டுவார்கள். விமான நிலையத்தில் இப்போது கயிறு கட்டிய பெட்டியை வாங்க மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பாட்டுக்காகக் கயிறு கட்டிவிட்டு, பாட்டு முடிந்ததும் அவிழ்த்து, டேப் சுற்றுவார்கள்.

தன்னைப் பற்றிய சரணத்தை முனியசாமி இப்படிப் பாடினார்:

கல்லரைக்கும் சத்தத்துல
காது போன முனியசாமி
மகன் பேசக் கேக்கலன்னு
வச்சு விட்டான் விசிலு

போனில் மகன் பேசுவது சரியாகக் கேட்கவில்லையாம். விசில் ஊதினால் கேட்கும் என்று ஒரு விசில் அனுப்பினார். அறையே சிரித்தது. எட்டாவதாக, எல்லாருக்கும் மூத்தவரான அழகர் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. குவாரியில் இடுப்பு அடிபட்ட பிறகு கம்பெனி அவரைக் கேம்ப் பாயாக மாற்றியிருந்தது. கேம்ப் பாய் என்றால் அந்த வளாகத்துக் குளியலறைகளையும் கழிவறைகளையும் கழுவுகிறவர். முனியசாமி கேனைத் தட்டினார்:

பினாயிலு வாசம் போகாத
அழகரண்ணன் கையி – அது
பிள்ளைக்குன்னு வாங்கி வச்ச
வெள்ளிக் கொலுசு ரெண்டு
வாசம் ஊரு சேராம
சோப்புக் கட்டி நடுவுல
மறைச்சு வச்சுக் கட்டுங்கடா
பொட்டிக் கயித்த இறுக்கி

பாட்டில் 'ஊரு' என்ற இடத்தில் அவருடைய கிராமத்தின் பெயரே இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. அழகர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "பாடுறான் பாரு, படுவா" என்றார். எட்டுச் சரணத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டாவதுக்குப் பக்கத்தில் 'மிக நல்ல வரிகள்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிகளிலேயே எல்லாம் இருந்தது. வாசம் ஊர் சேராமல் மறைத்து வை என்று ஒரு மனிதரின் ரகசியத்தை என் கண் முன்னாலேயே பாடியிருக்கிறார்கள். நான் எதுகை மோனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து முனியசாமி அறைத் தோழர்கள் இருவருடன் ஸ்டூடியோவுக்கு வந்தார். தண்ணீர் கேனையும் கொண்டுவந்திருந்தார். மூவரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். கம்பளம் விரித்த தரையைப் பார்த்துச் செருப்பை வெளியே விட்டார்கள். நான் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை. முதல் முறையே சுத்தமாகப் பாடினார். நான் நோட்டைத் திறந்து வைத்து ஒவ்வொரு சரணமாகக் குறி போட்டுக்கொண்டே வந்தேன். ஏழில் நின்றுவிட்டார்.

மைக் பட்டனை அழுத்தினேன்.

"முனியசாமி, ஒரு சரணம் விட்டுப்போச்சு."

"இல்ல பாய். அம்புட்டுத்தான்."

"எட்டு எழுதியிருக்கேன். அழகர் சரணம் வரல."

அவர் தோழர்களைப் பார்த்தார். ஒருவர் தரையைப் பார்த்தார்.

"அது ரூம்ல பாடுறது பாய்."

"எல்லாமே ரூம்ல பாடுறதுதானே?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். எங்கள் பேச்சை வெட்டிய பிறகு கோப்பில் மிஞ்சியது அந்தப் பதினொரு விநாடி. பிறகு எட்டாவது சரணத்தைப் பாடினார், மற்ற ஏழையும்விட நன்றாக.

அவர் ஏன் மறுக்கவில்லை என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அவரிடம் எப்போதும் ஃபோர்மேன் கேட்பார், சூப்பர்வைசர் கேட்பார், அவர் செய்வார். அன்று கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டு வைத்துக்கொண்டு, வயதான ஒருவர் கேட்டார். கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாற்காலியின் உயரம் தெரியாது. எதிரே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அதோடும் விடவில்லை. போனில் பரப்புவதற்கென்று அரை நிமிடத் துண்டு ஒன்று வெட்டித் தரச் சொல்லி நிஜாம் கேட்டார். எட்டுச் சரணத்தில் எதை எடுத்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நிஜாம் தன் சேனலில் போட்டதும் பாட்டு பிடித்துக்கொண்டது. நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். மூன்றாம் நாள்: கீழே டீக்கடையில் ஒலித்தது. ஐந்தாம் நாள்: டாக்சி ஓட்டிய பட்டாணியர் விசில் சரணத்தின் மெட்டை முணுமுணுத்தார், அர்த்தம் தெரியாது என்றார். ஏழாம் நாள்: தோஹா தொழில்பேட்டையில் ஒரு கேம்ப்பில் பெட்டி கட்டும்போது இந்தப் பாட்டைப் பாடும் வீடியோ வந்தது. ஒன்பதாம் நாள்: ஊரிலிருந்து என் லாத்தா (அக்கா) போன் செய்தாள், பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் போட்டார்களாம். "நீ போட்ட பாட்டுல ஒன்னு இப்பத்தான் என் காதுக்கு வந்து சேந்திரிக்கி" என்றாள். பதினோராம் நாள்: துபாயில் ஒரு பெரிய மேடைக்கு முனியசாமியை அழைத்தார்கள். கம்பெனியும் அனுமதி கொடுத்தது.

பன்னிரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முனியசாமி கூப்பிட்டார். பின்னால் லாரிகளின் சத்தம்.

"பாய், அந்தப் பாட்ட நிப்பாட்ட முடியுமா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அழகரண்ணன் லீவு பாரத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு பாய். ஊருக்குப் போகலயாம். அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயம். இவரு இல்லாம எப்பிடி நடக்கும்?"

"ஏன் போகல?"

"ஊர்ல அவரு ஸ்டோர் கீப்பர் பாய்."

மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஆனாலும் சொன்னார். இடுப்பு அடிபட்டு வேலை மாறிய நாளிலிருந்து வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். ஏசி அறை, மேசை, நாற்காலி. மனைவிக்கும் அதுதான் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் முன்பு மாப்பிள்ளையின் அண்ணன் அழகருக்குப் போன் செய்து, 'பாட்டுல வர்ற அழகர் நம்ம மாமாவா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அதிலிருந்து அவர் வீட்டுப் போனை எடுக்கவில்லை.

மறுநாள் வெள்ளி. நிஜாமின் காரில் போனோம். வழியெல்லாம் வாக்குவாதம்.

"பாட்டை எடுத்துடு நிஜாம்."

"எடுக்குறது ஒரு நிமிஷ வேலை காக்கா. எத்தனை போன்ல ஏறிடுச்சு, அதை எப்படி எடுப்பீங்க? நல்லா ஓடுற பாட்டைத் திடீர்னு எடுத்தா ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. அப்ப உறுதியாயிடும். இப்ப சந்தேகம்தானே?"

அவர் தன் சேனலுக்காகப் பேசுகிறார் என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. சிமெண்ட் ஆலைகளைத் தாண்டும்போதுதான், அவர் சொல்வது சரி என்று உறைத்தது. அவசரத்தில் தவறைத் திருத்தப் போகிறவன், தவறு நடந்தது என்று தமுக்கடித்துவிட்டு வருவான். அப்படியானால் 'பாட்டில் வருபவை யாவும் கற்பனை' என்று ஓர் அறிவிப்புப் போடலாம் என்று முடிவு செய்துகொண்டேன். நல்ல யோசனை என்றுதான் பட்டது.

நாங்கள் போனபோது அழகர் வேலையில் இருந்தார். மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் கேம்ப்பில் எல்லாரும் இருப்பார்கள். அவருக்கு அன்றுதான் அதிக வேலை. ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக வாசலுக்கு வந்தார்.

"உக்காருங்க பாய். இன்னும் ரெண்டு வரிசை கெடக்கு. முடிச்சிட்டு வந்துர்றேன்."

அறையில் உட்கார்ந்தோம். முனியசாமி டீ போட்டுத் தந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அழகர் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாட்டு நல்லாருக்கு பாய்" என்றார். "நல்லா இல்லன்னா ஒருத்தனும் கேட்டுருக்க மாட்டான். அதான் கஷ்டமாப் போச்சு."

"முனியசாமி பாட மாட்டேன்னுதான் சொன்னார். நான்தான் கேட்டு வாங்கினேன்."

"சொன்னான். நோட்டுல எழுதி வச்சிருந்தீகளாமே. அன்னைக்கு நீங்க எழுதுனதப் பாத்தேன். பொட்டி எடைதான் எழுதுறாகன்னு நெனச்சேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படி நினைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். கையை மட்டும் அசைத்தார்.

"இதே பாட்டு இங்கன பாடுனா சிரிப்பேன் பாய். இவனுக ஏழு பேருக்கும் தெரியும். என் கூடவே படுத்து எந்திரிக்கிறானுக. தெரிஞ்சவன் சொன்னா கேலி. அம்புட்டுத்தான்."

அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ புத்தகங்களில் படித்த வாக்கியம்தான். முக்கால் மணி நேரம் முன்பு அவர் பூட்ஸோடு நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. பர் துபாயில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் அவருக்கு அதைச் சொல்வதற்கில்லை. விழுங்கிவிட்டு, அறிவிப்பு யோசனையைச் சொன்னேன்.

"எல்லாம் கற்பனைன்னு போட்டுடறோம்."

அழகர் சிரித்தார். "கொலுசு கற்பனை இல்லையே பாய். சோப்புக் கட்டி நடுவுல துணி சுத்தித்தான் வீட்டுக்குப் போச்சு. எம் பொண்டாட்டி கையால பிரிச்சா. மக கால்ல போட்டுருக்கா. கொலுசு நெசம், சோப்பு நெசம், கை மட்டும் கற்பனைன்னா யாரு நம்புவா?"

நிஜாம் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் முனியசாமி, தன் வழக்கமான இரட்டைக் குரலில், பக்கத்து அறைக்கே கேட்கும்படி சொன்னார்:

"கை என்னோடதுன்னு சொல்லிருவோம்ணே."

"என்னடா?"

"கொலுசு வாங்குனது நீங்க. பொட்டியில வச்சது நானு. பினாயிலு கை என்னோடது. பாட்ட மாத்திப் பாடிருவோம். மொதத் தடவ என் வேலையச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அண்ணன் பேர்ல போட்டுட்டேன்னு நானே வாயால சொல்லிர்றேன்."

"கிறுக்குப் பயலே. நீ கிரஷர் ஆப்பரேட்டருடா."

"அதச் சொல்ற சரணத்த எடுத்துருவோம்."

"உன் பேரு ஊர்ல நாறிப் போகும்."

"பேரே இப்பத்தானண்ணே வந்துச்சு. அதுக்கு முன்னால இருளன் மகன்னாத்தான் தெரியும். எப்பிடி வந்தாலும் வந்த பேருதான்."

"உம் பொண்டாட்டி?"

"அவகிட்ட நெசத்தச் சொல்லிருவேன். ஊருக்குத்தான இது. நீங்க செய்யிற வேலைய நான் செஞ்சா என்ன கொறஞ்சு போயிருவேனா?"

"கொறஞ்சு போவன்னுதானடா நான் ஒளிக்கிறேன்."

முனியசாமி கேனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தட்டாமல் சும்மா இருந்தார். அழகர் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலையைத் தூக்காமல் கேட்டார்:

"பொய் சொல்றப்பச் சிரிக்காமச் சொல்லுவியா?"

அறை முழுக்கச் சிரித்தது. அதுவே அவருடைய சம்மதம்.

இனி என் பாடு. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பவன் என்று பேர் வாங்கியவன், ஒரு பொய்க்கு மைக் பிடிக்க வேண்டும். தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையின் உண்மையை அளவுக்கு மேல் சொல்ல வைத்தவனே நான்தான். தயங்கும் உரிமை எனக்கு இல்லை. இன்னொரு நாள் ஸ்டூடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்று நிஜாம் சொன்னதற்கு வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கடந்தால் மனசு மாறும், மாப்பிள்ளை வீட்டிலும் பேச்சு முற்றும். காரிலிருந்து கையடக்க ரெக்கார்டரை எடுத்து வந்தேன். ஏசியை நிறுத்தினோம், ஃப்ரிட்ஜைப் பிடுங்கினோம். வெளியே சமையல்கட்டில் இருந்தவர்களிடம் அழகரே போய், "கொஞ்சம் சும்மா இருங்கப்பா, பாட்டு எடுக்குறாக" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முன்னுரையை முதல் முறை சொல்லும்போது முனியசாமி சிரித்துவிட்டார். இரண்டாம் முறை அழகர் இருமினார். மூன்றாம் முறை சரியாக வந்தது. "முன்னால பாடுனப்ப எனக்கு நானே பெரிய வேலையப் போட்டுக்கிட்டேன். என் வேலைய எங்கண்ணன் பேர்ல ஏத்திட்டேன். தப்புத்தான். கழுவுற கை என்னோடது." பிறகு பாட்டு. முனியசாமி என்ற பேர் அழகரண்ணன் இருந்த இடத்தில் தாளம் பிசகாமல் உட்கார்ந்தது. 'பிள்ளைக்குன்னு' என்ற இடத்தில் 'அழகரண்ணன்' வந்தது. விசில் சரணம் போயிற்று. எட்டு, ஏழு ஆனது. அவருக்குத் தன் பாட்டிலேயே பிடித்த சரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலத்துக்குள் நிஜாம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பழையதை ஏன் எடுத்தோம் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. காரணம் புதிய பாட்டின் முகப்பிலேயே இருந்தது.

முனியசாமியின் முதல் வெற்றிப் பாட்டு என்று இன்று நீங்கள் எல்லாரும் அறிந்திருப்பது அந்த இரண்டாவது பதிவு. கூர்ந்து கேட்டால் பின்னணியில் ஒரு குழாய் சொட்டுவது கேட்கும். முதல் பாட்டுக்குச் சிரித்தவர்கள் இதற்கு அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். துபாய் மேடையில் அவரை, கழிவறை கழுவும் தொழிலாளி, உண்மையை ஒப்புக்கொண்ட கலைஞன் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் கும்பிட்டுவிட்டுப் பாடினார். ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் வந்து, அவர் வேலை அதுதானா என்று தேதி விவரத்தோடு கேட்டார். நோட்டு என் மேசையில்தான் இருந்தது. ஆமாம் என்றேன்.

கம்பெனியில் அழகர் திருப்பிக் கொடுத்த லீவு வேறு ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. கேம்ப் பாஸ் "கலாஸ்" என்று, அதாவது முடிந்துவிட்டது என்று, கையை விரித்தார். அறையே போய் நின்றது. முப்பது நாள் கேட்டவருக்குப் பதினாறு நாள் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் பாட்டின் விளக்கத்தை நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. நம்புவதாகக் காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. நிச்சயம் நடந்தது. அழகர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் கிளம்புவதற்கு முந்தின வெள்ளி, பெட்டி கட்டும்போது என்னையும் கூப்பிட்டார்கள். நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அழகரின் சரணம் வந்தபோது முனியசாமி புதியதைத் தொடங்கினார். அழகர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது ஊருக்கு. இங்க பழசப் பாடு."

பழையதைப் பாடினார்கள், விசில் சரணத்தையும் சேர்த்து. கயிறு கட்டினார்கள், அவிழ்த்தார்கள், டேப் சுற்றினார்கள்.

அன்று இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டாம் பதிவுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் முனியசாமி காலையில் அழகரோடு போய் ஒரு வரிசை கழுவிவிட்டு வருகிறார். ஏன் என்று கேட்டேன். "நீங்க தேதியெல்லாம் போட்டு எழுதுற ஆளு பாய். உங்க நோட்டுல முழுப் பொய் இருக்கலாமா? ஒரு வரிசையாவது நெசமா இருக்கட்டும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

ஆகவே இதை மட்டும் நினைவில் வையுங்கள். யாராவது ஒன்றைப் பாடாமல் விட்டால், மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று பாருங்கள். நோட்டில் அது தெரியாது. கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்தால் தெரியும். பாட்டில் ஒருவர் பேர் வருகிறதென்றால், அந்த ஆள் அறைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று கேளுங்கள். வெளியே இருந்தால் போன் செய்யுங்கள். அன்று நான் அந்த ஒரு போனைச் செய்யவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். பேர்களையும், பாட்டின் சில சொற்களையும் மாற்றியிருக்கிறேன், முனியசாமியே மாற்றிக் கொடுத்தார். அழகர் ஊருக்கே திரும்பிவிட்டார். என் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் அவர் வீடு. போன செவ்வாய்க்கிழமை போய், இதை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டினேன். மகளிடம் அவரே ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதும், மகள் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்பதும் முன்பே எனக்குத் தெரியும். அவர்தான் போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைக் கட்டுரையின் முடிவாக வைத்திருந்தேன். நான் எழுதியதிலேயே நல்ல வரி அது.

அழகர் கடைசிவரை கேட்டார். மற்ற எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிக்கு மட்டும் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அது வீட்ல பேசுனது பாய்."

எடுத்துவிட்டேன்.